கரையோர வேடரின் காட்டறிவு: எழுதி வைப்பதா, வேண்டாமா?

சேனையூரான் | பெப்ரவரி 16, இரவு 9.12

வணக்கம். எங்கள் பாடசாலைச் சுற்றாடல் கழகப் பிள்ளைகள் இந்த வருடம் ஒரு கொப்பி எழுதத் தொடங்கியிருக்கிறார்கள். திருகோணமலை மாவட்டத்து மூதூர் கிழக்கில் இருக்கிற மரம், கொடி, கிழங்கு, மீன் எல்லாவற்றுக்கும் ஊர்ப்பெயர், பருவம், பயன். நல்ல வேலை என்றுதான் நானும் நினைத்தேன். போன சனிக்கிழமை வரைக்கும்.

அன்றைக்குப் பாட்டாளிபுரத்துக்கு அப்பால் ஒரு சின்ன ஊருக்குப் போனோம். எழுபது தாண்டிய ஒரு ஐயா, கரையோர வேடர் பரம்பரை, கிழக்குக் கரையில் தமிழ் பேசும் பழங்குடி. வீட்டுக்குப் பின்னால் இருந்த பற்றைக்குள் கூட்டிக்கொண்டு போனார். காய்ந்த கொடி ஒன்று, எனக்குச் சருகாகத்தான் தெரிந்தது. அதைப் பிடித்து நுனியிலிருந்து அடிவரைக்கும் விரலாலேயே தடவிக்கொண்டு போய், அலவாங்கால் இரண்டு பக்கமும் மண்ணைத் தட்டிப் பார்த்தார். பிறகு ஒரு முழம் தோண்டினார். கிழங்கு வந்தது. அதை முழுதாக எடுக்கவில்லை. கீழ்ப்பகுதியை முறித்தெடுத்துவிட்டு, கொடி ஒட்டியிருந்த தலைப்பகுதியைத் திரும்பக் குழியில் வைத்து மண் தள்ளி, குதிக்காலால் மிதித்துவிட்டார். ஏன் தாத்தா என்று ஒரு பிள்ளை கேட்டது. "அடுத்த வருசமும் நான் இங்கதானே வரவேணும்" என்றார்.

கொப்பியை எடுத்து, காட்டிலே இருக்கிற மரங்களின் பெயரை வரிசையாகச் சொல்லுங்கள் ஐயா என்று கேட்டோம். ஒரு பத்துப் பெயர் சொன்னார். பாலை, வீரை, முதிரை, கருங்காலி, நாங்களே அறிந்தவை. அப்புறம் நிறுத்திவிட்டார். "காட்டுக்குள்ள போனாப் பிடிக்கிறாங்க. போகாத காட்டப் பத்தி நான் என்னத்தச் சொல்ல? இலையக் கண்டாத்தான் வாத்தியார், பேர் வாயில வரும்."

அன்றையிலிருந்து எனக்கு இது ஓடிக்கொண்டே இருக்கிறது. எழுதுவதா? எழுதினால் இணையத்தில் போடுவதா? யாருடைய பெயரில்? தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.

ரொறன்ரோத்_திருமலை | பெப்ரவரி 16, இரவு 9.50

வாத்தியார், கண் கலங்கிவிட்டது. கட்டாயம் எழுதுங்கள், உடனே எழுதுங்கள். உலக சனத்தொகையில் பழங்குடிகள் 5 வீதம்தான், ஆனால் உலகின் உயிரினப் பல்வகைமையில் 80 வீதத்தைக் காப்பது அவர்கள்தான். காட்டின் உண்மையான காவலர்கள். நாங்கள்தான் எல்லாவற்றையும் அழித்தோம்.

கேள்வி_மட்டும் | பெப்ரவரி 16, இரவு 10.31

ரொறன்ரோவில் இருந்து பார்த்தால் எல்லாரும் காவலர்கள்தான். நான் இருக்கிற பக்கம் கந்தளாய் வீதி. வாய்வெடியில், அதாவது இரைக்குள் ஒளித்து வைக்கிற வெடியில், தாடை சிதறி, தண்ணீர்கூடக் குடிக்க முடியாமல் நின்று செத்த யானைக்குட்டியைப் பார்த்திருக்கிறேன். அதை வைத்தவன் பன்றிக்கு வைத்தேன் என்பான். மான் இறைச்சி வேண்டுமென்றால் யாரிடம் கேட்பது என்று ஊரில் சின்னப் பிள்ளைக்கும் தெரியும்.

வேடர் என்றால் இயற்கையோடு இசைந்தவர், மற்றவன் என்றால் அழிப்பவன் என்று பிறப்பை வைத்துப் பிரிப்பது எனக்குச் சரியாகப் படவில்லை. அவர்கள் கையிலும் நைலோன் வலை, மோட்டார் சைக்கிள், கைபேசி எல்லாம் இருக்கிறது. இருக்கக் கூடாது என்று சொல்லவில்லை. ஆனால் பாட்டன் காலத்து அறிவு பேரன் கையில் அப்படியே இருக்கிறது என்று எந்தத் தைரியத்தில் சொல்கிறோம்?

நீலத்திமிங்கிலம் | பெப்ரவரி 17, காலை 6.44

அந்த 80 வீதக் கணக்கை முதலில் தூக்கி வைத்துவிடுவோம். எத்தனையோ அறிக்கைகளில் வந்ததுதான், ஆனால் அடி தேடிப் போனால் ஒன்றுமில்லை. 2024 செப்டெம்பரில் நேச்சர் இதழில் பழங்குடி ஆய்வாளர்களும் அடங்கிய ஒரு குழு இதைத் துருவி எழுதியது. உயிரினப் பல்வகைமை என்பது கூறு போட்டு எண்ணுகிற பொருள் இல்லை, அந்த எண்ணுக்கு ஆதாரமும் இல்லை, இப்படியான எண் கடைசியில் பழங்குடிகளின் நியாயத்தையே கெடுக்கும் என்பதுதான் அவர்கள் வாதம்.

ஆதாரத்தோடு சொல்லக்கூடிய எண் வேறு இருக்கிறது. 2018இல் வந்த ஓர் ஆய்வு. 87 நாடுகளில் குறைந்தது 3 கோடியே 80 லட்சம் சதுர கிலோமீற்றர் நிலம் பழங்குடிகளின் உரிமையிலோ பராமரிப்பிலோ இருக்கிறது, அதாவது உலக நிலப்பரப்பில் ஏறத்தாழக் கால்வாசி. உலகில் பாதுகாக்கப்பட்ட நிலங்களிலும் சிதையாத இயற்கை நிலங்களிலும் சுமார் 40 வீதம் அதற்குள் வருகிறது. இதுவே போதுமான அளவுக்குப் பெரிய எண். ஊத வேண்டியதில்லை.

கேள்வி_மட்டும் கேட்டது நியாயமான கேள்வி. அறிவு இரத்தத்தில் வருவதில்லை, போய்வந்து பழகுவதில் வருகிறது. வாத்தியாருடைய ஐயா சொன்னதும் அதைத்தானே?

ரொறன்ரோத்_திருமலை | பெப்ரவரி 17, காலை 7.20

சரி தங்கச்சி, வாங்கிக்கொண்டேன். இனி அந்த எண்ணைச் சொல்ல மாட்டேன். போன மாதம் ஒரு கூட்டத்தில் மேடையேறிச் சொன்னேன், அதை நினைத்தால்தான் வெட்கமாக இருக்கிறது.

பாலைப்பழம் | பெப்ரவரி 17, இரவு 8.05

இரண்டு வருடமாக இந்தக் களத்தில் வாசிக்கிறேன், எழுதியதில்லை. ஈச்சிலம்பற்றுப் பக்கம். அம்மா வழியில் நாங்கள் வேடர். இதை எழுத்தில் சொல்வது இதுதான் முதல்தரம்.

பள்ளிக்கூடத்தில் வேடன் என்பது பட்டப்பெயர் இல்லை, ஏச்சு. பின்வாங்கில் இருத்தினார்கள். அம்மா சொல்லித்தான் அனுப்புவா, யாரும் கேட்டால் ஊர்ப் பெயரை மட்டும் சொல்லு என்று. நாங்கள் பேசுவது தமிழ்தான், கும்பிடுவது வேலைத்தான், பார்த்தால் வித்தியாசம் தெரியாது. அதனால் மறைப்பதும் சுகம். இப்போது ஆதிவாசி, தொல்குடி, காவலர் என்று தேடி வருகிறார்கள். சந்தோசம்தான். ஆனால் கொஞ்சம் சிரிப்பும் வருகிறது.

கேள்வி_மட்டும் அண்ணா, பொய் சொல்லப் போவதில்லை. எங்கள் பெடியங்களிலும் இறைச்சி விற்கிறவன் இருக்கிறான். அம்மப்பாவும் மோட்டைக்கரையில் பதுங்கி மான் அடித்தவர்தான். ஒரு ஆள், ஒரு குறி, தப்பினால் தப்பினதுதான். வாய்வெடி அப்படி இல்லை. வைத்தவன் வீட்டில் நித்திரை, கடிக்கிறது எது என்று அவனுக்கே தெரியாது. அதை அம்மப்பா வேட்டை என்றே சொல்ல மாட்டார்.

இன்னொன்று சொல்கிறேன், என் பெயருக்குரிய கதை. பாலைப்பழம் எப்படிப் பறிப்பது தெரியுமா? மரத்தில் ஏறி, கீழே படங்கு விரித்து, கொப்பை உலுப்ப வேண்டும். பழுத்தது விழும், மற்றது நிற்கும். நாலைந்து நாள் கழித்துத் திரும்பப் போகலாம். உச்சிக்கொப்பைத் தொடக் கூடாது, அது கரடிக்கும் பறவைக்கும். அம்மப்பா இருக்கும்வரை அப்படித்தான். இப்போது காட்டுக்குள் கண்டால் பிடிப்பார்கள், வழக்கு, தண்டம். ஆனால் டவுனில் பழத்துக்கு நல்ல விலை. அப்போ என்ன செய்கிறான்? விடியப் புறம் போய், கொப்பையே வெட்டி விழுத்தி, பத்து நிமிடத்தில் உருவிச் சாக்கில் போட்டுக்கொண்டு ஓடி வருகிறான். உலுப்பிக்கொண்டு நிற்க அவனுக்கு நேரமில்லை. திரும்பப் போகவும் போவதில்லை, பிறகு மரத்தைப் பற்றி அவனுக்கென்ன?

வெட்டுகிறவன் வெளியாள் மட்டும் இல்லை, எங்கள் ஆளும் வெட்டுகிறான். எப்படி உலுப்புவது என்று அவனுக்கும் தெரியும். தெரிந்துகொண்டுதான் வெட்டுகிறான்.

தேனும் அப்படித்தான். பொந்துத்தேன் எடுத்தால் வதை எல்லாவற்றையும் வழித்தெடுக்காமல், கல்லை வைத்துப் பொந்தை அடைத்துவிட்டு வர வேண்டும், பூச்சி திரும்ப அதே பொந்தில் இருக்கும். பயத்தோடு எடுக்கிறவன் கோடாலியால் பிளந்துவிட்டு, புகை போட்ட நெருப்பையும் அணைக்காமல் ஓடுவான். வைகாசியில் காடு பற்றுகிறது என்று பிறகு எங்களைத்தான் சொல்வார்கள்.

கேள்வி_மட்டும் | பெப்ரவரி 17, இரவு 8.40

தம்பி, பின்வாங்குக் கதைக்கு முதலில் மன்னிப்புக் கேட்கிறேன். நான் படித்த காலத்தில் நாங்களும் அந்தச் சொல்லைச் சொல்லிச் சிரித்தவர்கள்தான்.

கொப்பு வெட்டுகிற கதை நான் யோசிக்காதது. அறிவு தொலைந்துவிட்டது என்றுதான் நினைத்திருந்தேன். அறிவு இருக்கிறது, அதைப் பாவிக்க நேரம் இல்லை என்கிறீர்கள். ஆனால் காட்டைத் திறந்துவிட்டால் எல்லாரும் உலுப்புவார்கள் என்பதற்கு என்ன உத்தரவாதம்?

பாலைப்பழம் | பெப்ரவரி 17, இரவு 8.52

எல்லாருக்கும் திறக்கச் சொல்லவில்லை. எந்த ஊருக்கு எந்தக் காடு என்று முன்பு இருந்தது. அடுத்த ஊரான் வந்து வெட்டினால் ஊர்ச் சண்டை. அந்தச் சண்டைதான் எங்கள் சட்டம். இப்போது காடு அரசாங்கத்துடையது, யார் வெட்டினாலும் நாங்கள் ஏன் கேட்க வேண்டும்?

இன்னொன்று. 2006இல் சண்டை வந்தபோது எனக்குப் பதினொரு வயது. மாவிலாற்று அணைக்கதவைப் பூட்டினார்கள், பிறகு ஷெல். வாகரைக்கு நடந்தோம், அங்கிருந்து மட்டக்களப்பு முகாம். காடு பழகுகிற வயது முழுக்கக் கூடாரத்தில் போனது. திரும்பி வந்தபோது அம்மப்பா இல்லை, காட்டில் கண்ணிவெடிப் பயம். எனக்குத் தெரிந்தது அவருக்குத் தெரிந்ததில் ஒரு கைப்பிடி. அதனால் வாத்தியார் எழுதுவதை நான் எதிர்க்கவில்லை.

கச்சான்காத்து | பெப்ரவரி 18, அதிகாலை 4.15

தொழிலுக்குப் போகிற நேரம், கெதியாகச் சொல்லிவிட்டுப் போகிறேன். நான் நிலாவெளிப் பக்கம், கடல். காடு எனக்குத் தெரியாது.

அப்பாவுக்கு ஒரு பார் தெரியும். கடலுக்கடியில் கல்லுப் பார், கலவாய் மீன் நிற்கிற இடம். கோணேசர் மலையை ஒரு பக்கம், உள்நாட்டு மலை ஒன்றை மறு பக்கம் வைத்து, இரண்டும் எந்த நேரில் வருகிறதோ அங்கே நங்கூரம். அதைச் சொல்லித்தர அவருக்கு நாலு வருடம் எடுத்தது. சொல்லித்தரும்போதே எப்போது போகக் கூடாது, எத்தனை தூண்டில், சினை மீன் நிற்கிற மாதம் எது எல்லாம் சேர்த்துத்தான் சொன்னார்.

நான் கெட்டிக்காரன். ஜிபிஎஸ்ஸில் குறித்தேன். கூட்டாளி ஒருவனுக்கு இலக்கத்தைக் கொடுத்தேன், அவ்வளவுதான். அடுத்த சோளகத்தில் அந்தப் பாரில் இருபது படகு. வெளிச்சம் பாய்ச்சிச் சுருக்குவலை போட்டார்கள், ஒரு நாள் டைனமைற்றும் அடித்தார்கள். இலக்கம் போய்ச் சேர்ந்தது, எப்போது போகக் கூடாது என்பது போய்ச் சேரவில்லை. இப்போது அங்கே கல் மட்டும்தான்.

வாத்தியார், இடத்தை எழுதாதீர்கள். அதுதான் சொல்ல வந்தது. காற்று மாறுகிறது, வாறன்.

நசீர்_கிண்ணியா | பெப்ரவரி 18, காலை 9.30

கச்சான் மச்சான் சொன்னதைக் கேட்டு வயிறு எரிகிறது.

நாங்கள் மூன்று தலைமுறையாக அந்தப் பக்கத்து ஆக்களிடம் தேன் வாங்குகிறோம். வாப்பா காலத்தில் காசு இல்லை, அரிசிக்கும் உடுப்புக்கும் மாற்று. வாப்பா போத்தலை வெயிலில் பிடித்துப் பார்த்தே இது கொம்புத்தேன், இது பொந்துத்தேன் என்று சொல்லிவிடுவார். நான் தீக்குச்சி உரசிப் பார்ப்பேன், நாய்க்கு வைத்துப் பார்ப்பேன், இரண்டு சோதனையிலும் சீனிப்பாணி பாஸ். ஆளைத் தெரிந்து வாங்குவது ஒன்றுதான் வழி.

பொதிகைக்காரன் | பெப்ரவரி 18, மாலை 6.18

வணக்கம், நான் தமிழ்நாடு, பாபநாசம் பக்கம். உங்கள் விவாதத்துக்கு எங்கள் மலைக்கதை ஒன்று உதவும்.

1987இல் கேரளப் பக்கத்து அகத்தியமலையில் விஞ்ஞானிகள் சிலர் தாவரம் தேடி ஏறினார்கள். வழிகாட்டிகள் அந்த மலைப் பழங்குடிகளான காணிக்காரர்கள். ஏறுகிறவர்களுக்கு மூச்சு வாங்குகிறது, காணிக்காரர்களோ களைப்பே இல்லாமல் ஏதோ ஒரு சின்னக் காயை மென்றுகொண்டே நடக்கிறார்கள். என்ன அது என்று கேட்டால் சொல்ல முதலில் தயங்கினார்களாம். பிறகு காட்டிக்கொடுத்தார்கள். ஆரோக்கியப்பச்சை. அதன் இலையை வைத்துத் திருவனந்தபுரத்துத் தாவர ஆய்வு நிறுவனம் ஜீவனி என்று ஒரு மருந்து செய்தது. 1995இல் ஓர் ஆயுர்வேதக் கம்பெனிக்கு உரிமம் கொடுத்தார்கள், பத்து லட்சம் ரூபாயும் விற்பனையில் 2 சதவீதமும். அதில் பாதி காணிக்காரர்களுக்கு. அவர்களுக்காக 1997இல் ஓர் அறக்கட்டளை. நன்மைப் பகிர்வுக்கு உலகமே எடுத்துக்காட்டிய கதை இது.

ஆனால் உள்ளே போனால் சிக்கல். காணிக்காரர்கள் ஒரே ஊர் இல்லை, மலை முழுக்கப் பரந்து கிடக்கிறார்கள். சொன்னவர் இரண்டு மூன்று பேர். மற்றவர்களைக் கேட்டீர்களா? மருந்து தெரிந்த வைத்தியர்களான பிலாத்திகள் சிலர் இந்த ஏற்பாட்டையே எதிர்த்தார்கள். அப்புறம் பெரிய வேடிக்கை: இலை வேண்டும், ஆனால் காட்டில் இலை பறிக்க வனத்துறை முட்டுக்கட்டை. மருந்துக்கு அறிவு கொடுத்தவனே செடியைத் தொட்டால் குற்றம்.

செடியின் அறிவியல் பெயர் டிரைக்கோப்பஸ் சீலானிக்கஸ். உங்கள் நாட்டுப் பெயர்தான் அதில் இருக்கிறது.

பாலைப்பழம் | பெப்ரவரி 18, இரவு 7.02

செடியைத் தொட்டால் குற்றம் என்ற வரி ஒன்றே காணும். அங்கேயும் அப்படித்தானா.

நீலத்திமிங்கிலம் | பெப்ரவரி 18, இரவு 9.25

பொதிகைக்காரன் அண்ணாவுக்கு நன்றி. அதே மாதிரி இன்னும் வடக்கே, கர்நாடகத்துப் பிலிகிரிரங்கன மலையில் சோலிகர் என்ற பழங்குடிகளின் கதை. எனக்கு இதைவிடத் தெளிவான எடுத்துக்காட்டு தெரியாது, அதனால் கொஞ்சம் நீட்டிச் சொல்கிறேன்.

சோலிகர் கோடை தொடங்குமுன் காட்டுத் தரையில் சருகுக்குச் சின்ன நெருப்பு வைப்பார்கள். தாழ எரிந்து போகும், மரத்தைத் தொடாது. 1974இல் அந்த மலை சரணாலயமானது. நெருப்புக்குத் தடை, சேனைப் பயிர்ச்செய்கைக்கும் தடை, ஆட்களும் இடம் மாற்றப்பட்டார்கள். அடுத்த முப்பது வருடத்தில் உண்ணிச்செடி, எங்கள் பக்கம் நாயுண்ணி என்போமே, அது காட்டின் அடித்தளம் முழுக்கப் பரவிவிட்டது. புல் இல்லை, கன்று மரம் இல்லை. இப்போது நெருப்பு பிடித்தால் அது சின்ன நெருப்பில்லை, உண்ணிச்செடி ஏணி மாதிரி மேலே தூக்கிக்கொண்டு போகும்.

அதே காட்டில் நெல்லி மரங்கள் செத்துக்கொண்டிருந்தன. நெல்லிக்காய் அதிகமாகப் பறிப்பதால்தான் என்று வெளியே இருந்தவர்கள் சந்தேகப்பட்டார்கள். சோலிகர் சொன்னது வேறு. புல்லுருவி மரத்தைக் கொல்கிறது, முன்பு நெருப்பு அதைக் கட்டுக்குள் வைத்தது, தடை வந்தபிறகு தலைகால் தெரியாமல் வளர்கிறது என்றார்கள். ஆய்வாளர்கள் அதை ஆராய்ந்து பார்த்து, அந்தப் பேச்சில் பொருள் இருக்கிறது என்று எழுதினார்கள். 2011இல் சோலிகருக்கு அங்கே சமூக வன உரிமை கிடைத்தது, இந்தியாவின் 2006ஆம் ஆண்டு வன உரிமைச் சட்டத்தின்படி.

நெருப்புத்தான் வழி என்று சொல்ல வரவில்லை, எங்கள் காடு வேறு. மனிதனை வெளியே எடுத்தால் காடு தானாகப் பழைய நிலைக்குப் போகும் என்ற எண்ணம் எல்லா இடத்திலும் பலிப்பதில்லை, அவ்வளவுதான்.

எங்கள் நாட்டிலும் 1983இல் மாதுறு ஓயா தேசியப் பூங்கா வந்தபோது வேடர் குடும்பங்கள் ஹெனானிகலவுக்கு மாற்றப்பட்டார்கள். காடு, தேன், வேட்டை எல்லாம் ஒரே நாளில் சட்டவிரோதம். அங்கே தம்பானை வேடரைப் பற்றியாவது உலகத்துக்குத் தெரியும். மூதூர், வெருகல், வாகரைக் கரையோர வேடரைப் பற்றித் தென்னிலங்கைக்கும் தெரியாது, யாழ்ப்பாணத்துக்கும் தெரியாது.

தராசு | பெப்ரவரி 19, காலை 10.10

சட்டப் பக்கத்தை மட்டும் சொல்லிவிட்டுப் போகிறேன். உயிரினப் பல்வகைமைச் சமவாயத்தில் இலங்கை 1994இலிருந்து உறுப்பு நாடு. அதில் 8ஆம் உறுப்புரையின் ஜே (j) பந்தி பாரம்பரிய அறிவை மதித்துப் பேண வேண்டும், அதை உடையவர்களின் சம்மதத்தோடும் பங்களிப்போடும்தான் பயன்படுத்த வேண்டும், பயனையும் பகிர வேண்டும் என்கிறது. ஆனால் தேசியச் சட்டத்துக்கு உட்பட்டு, இயன்றவரை என்ற வால்களோடு. பழங்குடி உரிமைகள் பற்றிய 2007ஆம் ஆண்டு ஐநா பிரகடனத்துக்கு இலங்கை கை தூக்கியது. சர்வதேசத் தொழில் அமைப்பின் 169ஆம் சமவாயத்தை ஏற்கவில்லை. 2024இல் கொலம்பியாவின் கலி நகரில் நடந்த பல்வகைமைச் சமவாய மாநாட்டில் பழங்குடிகளுக்கென்று ஒரு நிரந்தர துணை அமைப்பை உருவாக்கினார்கள்.

எழுத்தில் எல்லாம் இருக்கிறது. பாலைப்பழம் தம்பி கிழங்கு தோண்டப் போனால் அவருக்கு முன்னால் நிற்பது 1937ஆம் ஆண்டு வனவிலங்கு, தாவரக் கட்டளைச் சட்டமும் வனச் சட்டமும்தான், கலி மாநாடு இல்லை.

பொதிகைக்காரன் | பெப்ரவரி 19, பகல் 1.45

கொப்பி பற்றி ஒரு எச்சரிக்கை, வாத்தியார். எங்கள் நாட்டில் 2002ஆம் ஆண்டுச் சட்டத்தின்படி ஒவ்வொரு உள்ளாட்சியிலும் மக்கள் பல்லுயிர்ப் பதிவேடு எழுத வேண்டும். நல்ல யோசனை. பல வருடம் யாரும் கண்டுகொள்ளவில்லை. பிறகு பசுமைத் தீர்ப்பாயம் 2020 ஜனவரிக்குள் முடி, இல்லாவிட்டால் அபராதம் என்றது. உடனே மூச்சுவிடாமல் எழுதித் தள்ளினார்கள். எங்கள் பக்கத்துப் பதிவேடு ஒன்றைப் புரட்டினேன். மலையே இல்லாத ஊரில் மலைச்செடி இருந்தது. பக்கத்து ஊர்க் கணக்கை அப்படியே நகல் எடுத்திருக்கிறார்கள்.

இருளர் பழங்குடிகளின் கதை இதற்கு நேர் எதிர். சென்னைக்குப் பக்கத்தில் 1978இல் பாம்பு பிடிப்போர் கூட்டுறவுச் சங்கம் தொடங்கினார்கள். பாம்புத்தோல் வியாபாரம் தடையானதும் பிழைப்பு போனவர்கள். அரசு அனுமதியோடு பாம்பைப் பிடித்து, விஷம் எடுத்து, திரும்பக் காட்டில் விடுகிறார்கள். பாம்புக்கடி மருந்துக்கு அந்த விஷம்தான் போகிறது. அவர்களின் அறிவை யாரும் புத்தகத்தில் பூட்டவில்லை, தொழிலாக ஓடவிட்டார்கள். 2017இல் மலைப்பாம்பு பிடிக்க அவர்களில் இரண்டு பேரை அமெரிக்காவுக்கே கூட்டிப்போனார்கள்.

ரொறன்ரோத்_திருமலை | பெப்ரவரி 19, இரவு 11.58

எண்ணில் பிழை விட்டவன் இந்தமுறை சரிபார்த்துவிட்டு வருகிறேன். 1660இல் எங்கள் கொட்டியாரத்தில் கண்டி அரசனின் ஆட்களிடம் பிடிபட்ட ஆங்கில மாலுமி ரொபர்ட் நொக்ஸ், வேடரைப் பற்றி எழுதியதில் ஒரு சங்கதி. மரத்தைக் குடைந்து தேன் ஊற்றி, அதற்குள் இறைச்சியை நிரப்பி, வாயைக் களிமண்ணால் அடைத்து வைப்பார்களாம். தேவைப்படும்போது எடுத்துத் தின்பது. குளிர்சாதனப் பெட்டி வர 250 வருடம் இருந்த காலம்.

பாலைப்பழம் | பெப்ரவரி 20, காலை 6.30

அம்மம்மா இறைச்சி வத்தலைத் தேன் போத்தலுக்குள் போட்டு வைப்பா. வெள்ளைக்காரன் எழுதியிருக்கிறான் என்று இப்போதுதான் தெரியும். எங்களிடம் யாராவது கேட்டிருந்தால் நாங்களே சொல்லியிருப்போம்.

மட்டுறுத்துநர் | பெப்ரவரி 20, காலை 8.00

இந்த இழையில் ஊர்களின் சரியான அமைவிடம், மருந்துச் செடிகளின் செய்முறை எதையும் பதிய வேண்டாம். நேற்று இரவு வந்த இரண்டு பதிவுகளை அதனால் நீக்கியிருக்கிறேன். ஒருவர் கிலோ விலை கேட்டிருந்தார்.

சேனையூரான் | ஜூன் 29, இரவு 8.47

நாலு மாதம் கழித்து வருகிறேன், மன்னிக்கவும். பரீட்சை, மழை, அனுமதி, எல்லாம் சேர்ந்து இழுத்துவிட்டது.

காட்டுக்குள் போக ஒரேயொரு நாளுக்கு அனுமதிக் கடிதம் கிடைத்தது. பதினேழு கையெழுத்து. அந்தக் கடிதத்தைச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டுதான் ஐயா நடந்தார். வழியில் மூன்று தரம் தொட்டுப் பார்த்துக்கொண்டார்.

காட்டுக்குள் கால் வைத்ததும் ஆள் வேறு. பெப்ரவரியில் பத்துப் பெயரோடு நின்றவர், மத்தியானத்துக்குள் எண்பதைத் தாண்டிவிட்டார். நாங்கள் கேட்கவே இல்லை. கை ஒரு கொப்பைத் தொடும், வாய் பெயரைச் சொல்லும். ஒரு செடியில் மட்டும் திணறினார். இலையைக் கசக்கி முகர்ந்தார், கண்ணை மூடினார், வரவில்லை. பின்னால் வந்த அவருடைய பேத்தி, எட்டாம் வகுப்பு, தானும் ஒரு இலையைக் கசக்கி முகர்ந்துவிட்டுச் சொன்னாள். அம்மம்மா குளிக்க வைக்கும்போது போடுகிற இலையாம். ஐயா அவளைத் திரும்பிப் பார்த்த பார்வையை எப்படி எழுதுவது என்று எனக்குத் தெரியவில்லை.

பாலை பழுத்திருந்தது. படங்கு விரித்து உலுப்பிக் காட்டினார். பிள்ளைகள் தேங்காயெண்ணெய் பூசாமல் தின்று, உதடு ஒட்டிக்கொண்டு வீடுவரைக்கும் வாய் திறக்கவில்லை.

கொப்பி விசயம் இப்படி முடிவாகியிருக்கிறது. கையால் எழுதிய இரண்டு பிரதிதான். ஒன்று அந்த ஊரில், பேத்தியின் பெட்டிக்குள். மற்றது பள்ளிக்கூட அலுமாரியில், ஊரார் கேட்டால் திருப்பிக் கொடுப்பது என்ற எழுத்தோடு. இடம் எதிலும் இல்லை, கச்சான் தம்பிக்கு நன்றி. இணையத்தில் போடவில்லை. போடுவதா என்று அவர்கள்தான் சொல்ல வேண்டும். வருடத்தில் ஒரு நாள் என்பதை ஒரு பருவமாக மாற்றித்தாருங்கள் என்று ஊரார் கையொப்பத்தோடு ஒரு மனுவும் போயிருக்கிறது. பதில் இன்னும் இல்லை. தராசு அண்ணா, அந்த மனுவை உங்களுக்குத் தனிமடலில் அனுப்பியிருக்கிறேன், ஒருக்கால் பாருங்கள்.

எழுதி முடித்ததும் பேத்தி முழுவதையும் வாசித்துக் காட்டினாள். ஐயா முற்றத்தில் குந்தியிருந்து கேட்டார். இரண்டு பெயரைத் திருத்தினார். ஒரு பக்கம் வந்ததும் கையைத் தூக்கி நிறுத்தச் சொன்னார். "இத வெட்டு புள்ள" என்றார். வெட்டினாள். ஏன் என்று நானும் கேட்கவில்லை.

கச்சான்காத்து | ஜூன் 30, அதிகாலை 4.02

எதை வெட்டச் சொன்னவர் வாத்தியார்?

சேனையூரான் | ஜூன் 30, காலை 6.15

தம்பி!

கச்சான்காத்து | ஜூன் 30, காலை 11.40

சரி சரி. பழக்கதோசம்.

நசீர்_கிண்ணியா | ஜூன் 30, பகல் 12.20

சேர், அந்தப் பக்கம் தேன் இறங்கியிருந்தால் எனக்கு இரண்டு போத்தல் எடுத்து வைக்கச் சொல்லுங்கள். தீக்குச்சி கொண்டுவர மாட்டேன்.